கூடத்து விளக்கு, ரெண்டாம் பாகம்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி கூட்டுறவு பேங்குல என்ற வூட்டுக்காரருக்கு ஓசியில குடுத்தது. அஞ்சு மாசமா பால்காரர் வராத நாளைக் குறிக்க மட்டும்தான் ஆச்சு. இன்னிக்கிருந்து எழுதப்போறேன். காரணம் இருக்கு.

இன்னிக்கு ‘கூடத்து விளக்கு’ ரெண்டாம் பாகம் ஆரம்பம். பாத்துட்டுப் பேச ஆளில்லை. இவர்கிட்டச் சொன்னா, “அந்தப் புள்ள போன பாகத்துலயே செத்துப்போச்சே, மறுபடி எப்படி வந்துச்சு?”ன்னு கேக்கறார். செத்தது அவ இல்லைங்க, அவ புருசன். அவனும் சாகலை, கடைசி எபிசோடுல திரும்பி வந்துட்டான். இந்தப் பாகத்துல கதையே வேற, ஆளுங்க மட்டும் அதே ஆளுங்க. இதை இவருக்கு வெளக்கிச் சொல்றதுக்குள்ள ரெண்டு விளம்பரம் முடிஞ்சுபோச்சு.

போன பாகத்துல தாமரையா வந்த பொண்ணு இப்ப யாமினி. பெரிய வீட்டுல சமையலுக்கு வந்திருக்கா. அந்த வீட்டுச் சின்ன மகன் ஆதித்யா வெளிநாட்டுல இருந்து எறங்கறான். மூத்த மருமக மேகலா, மொறைச்சே கொன்னுருவா போலிருக்கு. எல்லாம் செரி. ஆனா அந்த வீட்டு மாமியா அபிராமியா வர்றது யாருங்கறீங்க? போன பாகத்துல பாயசத்துல விஷம் வெச்ச காந்திமதி! அதே ஆளு, அதே மூக்குத்தி. இப்பப் பட்டுப்பொடவை கட்டி வெளக்கேத்தி, “நீயும் எனக்கு மகதான்”னு யாமினி தலையைத் தடவறா. எழுதியே வெச்சுக்கறேன், இவளை நம்பக் கூடாது. கண்ணு செரியில்லை.

நடுவுல ஒரே ரோதனை. பக்கத்து வீட்டம்மாவும் இதேதான் பாக்கறாங்க. எங்க ஹவுசிங் யூனிட்ல ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு. அவங்களுக்குக் கேபிள், எங்களுக்கு டிஷ். கேபிள் ரெண்டு மூணு நொடி முந்தி வருது. அவங்களோ சவுண்டை அள்ளி வெச்சிருக்காங்க. ஆதித்யா என் டிவில வாயைத் தொறக்கறதுக்குள்ள அங்க பேசி முடிச்சுட்டான்.

ஜூன் 4, செவ்வாய்

யாமினி வெச்ச ரசத்துல மேகலா உப்பைக் கொட்டிட்டா. இந்த உப்புக் கதையை இன்னும் எத்தனை சீரியல்லதான் எடுப்பாங்களோ. ஆனாலும் பாத்தேன்.

ஜூன் 5, புதன்

பக்கத்து வீட்டம்மான்னு எழுதினனே ஒழிய யாருன்னு எழுதலை. ரெஜினா டீச்சர். கவர்மெண்டு ஸ்கூல்ல முப்பது வருசம் கணக்கு எடுத்து ரிட்டையர் ஆனவங்க. வீட்டுக்காரர் காலமாயிட்டார், தனியாத்தான் இருக்காங்க. நாங்க உடுமலைக்கு வந்த வருசத்துல இருந்து பழக்கம். ‘கூடத்து விளக்கு’ மொத பாகம் முழுக்க ஒண்ணா உக்காந்து பாத்தோம், என்ற வீட்டுல, என்ற சோபாவுல. ஏழரை மணிக்கு அவங்க வீட்டுக் கதவு சாத்தற சத்தம் கேட்டதும் நான் காப்பி கலப்பேன்.

எங்களுக்குள்ள ஒரே ஒரு சட்டம். யாரும் தனியாப் பாக்கக் கூடாது. அடுத்த நாள் கதைன்னு முன்னாடியே ஒரு துண்டு போடுவானே ப்ரோமோ, அதைக்கூடத் தனியாப் பாக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே டீச்சர்தான். எபிசோடு முடிஞ்சதும் நான் கேப்பேன், “நாளைக்கு என்ன ஆகும் டீச்சர்?” அவங்க கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு ஒண்ணு சொல்லுவாங்க. சொன்னது சொன்னபடி நடக்கும். எனக்கு அப்படியே பூரிச்சுப்போகும். கணக்கு டீச்சர் மூளைன்னா சும்மாவான்னு பூக்கார மாராத்தாகிட்ட எல்லாம் பெருமை அடிச்சிருக்கேன்.

மார்ச்சுல கடைசி எபிசோடு. தாமரை புருசன் படத்துக்கு மாலை போட்டுட்டு நிக்கறா. சும்மா நிக்கறா, அவ்வளவுதான். பக்கத்துல டீச்சர் குலுங்கிக் குலுங்கி அழறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. அப்பறம்தான் கதவு தொறக்குது, செத்தவன் நிக்கறான். நான் அழ வேண்டிய நேரத்துல அழுகை வரலை. திரும்பி அவங்களைப் பாத்தேன்.

“டீச்சர், இவன் வருவான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சாங்க. கையில இருந்த ஃபோனை வாங்கிப் பாத்தா, அந்தச் சேனலோட ஆப்! காசு கட்டினா சாயங்காலம் வர்ற எபிசோடு காலையிலயே அதுல வந்துருதாம். மாசக்கணக்கா தெனமும் காலையில பாத்துட்டு, சாயங்காலம் என் பக்கத்துல உக்காந்து “அய்யய்யோ”ன்னு நடிச்சிருக்காங்க. அந்த யூகம் எல்லாம் யூகமே இல்லை.

“ஏன் டீச்சர் இப்படிப் பண்ணுனீங்க?”ன்னு கேட்டேன். எந்திரிச்சுப் போயிட்டாங்க. அன்னிக்கிருந்து பேச்சு கெடையாது. மன்னிப்புக் கேட்டிருந்தா மறந்திருப்பேன். கேக்கலையே.

ஜூன் 9, ஞாயிறு

‘அடுப்படி அரசர்கள்’ நாலாவது சீசன் மதியம் ஆரம்பிச்சுது. மூணு சீசனா இருந்த குண்டு நடுவரைத் தூக்கிட்டாங்க. அவர் ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கண்ணை மூடுவார் பாருங்க, அதுக்காகவே பாப்பேன். புதுசா வந்திருக்கற ஆளு சாப்பிடவே யோசிக்கறான். ஸ்பூன் நுனியில தொட்டு, “டெக்ஸ்சர் மிஸ்ஸிங்”கறான். பசியில்லாதவனை எதுக்குப்பா கூட்டிட்டு வர்றீங்க.

ஈரோட்டுப் பொண்ணு ஒண்ணு கொள்ளுப்பருப்புல ஒரு கடைசல் பண்ணுச்சு. நானும் உடனே பண்ணினேன். நல்லா வந்துச்சு. என்ன, கைப்பழக்கத்துல மூணு பேருக்குப் போட்டுட்டேன். மிச்சத்தை மத்தியானம் இவர் தலையில கட்டினேன், ராத்திரியும் கட்டினேன்.

ஜூன் 12, புதன்

இந்தம்மாவோட திமிரை என்னன்னு சொல்றது. காலையில கொல்லைப்பக்கம் துணி காயப்போட்டுட்டு இருந்தாங்க. நானும் அந்தப் பக்கம்தான் நிக்கறேன். அவங்க வீட்டுக் குக்கர் கத்துது, கத்திக்கிட்டே இருக்கு. பருப்பு தீயற வாசம் இங்க வருது. போனாப்போகுதுன்னு என் வைராக்கியத்தை விட்டு, “குக்கர்!”னு ஒரு கொரல் குடுத்தேன். திரும்பணுமே. முதுகைக் காட்டிக்கிட்டு தலகாணி உறையை நிதானமா ஒதறிக்கிட்டு நிக்கறாங்க. பருப்பு போனாலும் பரவால்லை, இந்த வசந்தாமணி சொல்லி அடுப்பை அணைக்கக் கூடாதாம். அப்படி ஒரு ரோசம்.

சாயங்காலம் அதே சவுண்டு. வேணும்னேதான் வைக்கறாங்க. யாமினி ஆதித்யாவைக் கன்னத்துல அறைஞ்சா. எங்க டிவில ஓங்கின கை ஓங்கினபடி நிக்குது, சுவத்துக்கு அந்தப் பக்கம் ‘பளார்’னு கேட்டாச்சு. அறையை மூணு தடவை திருப்பிக் காட்டினான், மூணு தடவையும் அவங்களுக்கு முன்னாடி விழுந்துச்சு.

ஜூன் 17, திங்கள்

உடுமலைக் காத்து ஆரம்பிச்சாச்சு. மாடியில டிஷ்ஷு காத்துல திரும்பி, ஏழரைக்குச் செரியா ‘சிக்னல் இல்லை’ன்னு வந்து நிக்குது. யாமினி யாருன்னு அபிராமி கேக்கற நேரம்! இவரை மாடிக்குத் தாட்டிவிட்டேன். “இப்பத் தெரியுதா?”ன்னு அங்கிருந்து கத்தறார், “இல்லீங்க”ன்னு இங்கிருந்து நான் கத்தறேன். மழையும் பிடிச்சுக்கிச்சு.

என்ன பண்றது, ஸ்டூலைச் சுவத்தோரமாப் போட்டு, காதை வெச்சு உக்காந்துட்டேன். ஒரு வசனம் விடாமக் கேட்டுது. யாமினி அந்த வீட்டுப் பழைய டிரைவரோட மகளாம். ‘ஆ!’ன்னுட்டேன். அதே நேரம் அந்தப் பக்கமும் ஒரு ‘அச்சச்சோ’. டீச்சரோட அச்சச்சோ எனக்கு நல்லாத் தெரியும், மூணு சத்தமாப் பிரிஞ்சு வரும்.

இவர் நனைஞ்சு எறங்கி வந்து பாத்துட்டு, “இதுக்குப் பேசாம அங்கயே போய் உக்காந்து பாக்கலாமல்ல”ன்னார். நான் சுவத்துல இருந்த பல்லியைப் பாத்துட்டு இருந்தேன்னு சொன்னேன்.

ஜூன் 19, புதன்

டிஷ்ஷைத் திருப்பி வெச்சாச்சு. அந்தப் பக்கச் சத்தம் தாங்கலை. ஒவ்வொரு வசனமும் எனக்கு ரெண்டு தடவை வருது, மொதல்ல அங்க, அப்பறம் இங்க. சுவத்துல தட்டினேன். கரண்டியை எடுத்துத் தட்டினேன். ம்ஹூம். இவர்கிட்டப் போய்ச் சொல்லச் சொன்னா, “நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா நான் ஏம்மா தூது போகோணும்”ங்கறார். நம்ம வீட்டுல பதினாலுக்கு மேல சவுண்டு வெச்சா மட்டும் பேப்பரை மடக்கி வெச்சுட்டு மொறைக்கத் தெரியுது.

ஜூன் 20, வியாழன்

மாராத்தா ரெண்டு வீட்டுக்கும் பூக் குடுக்கறவ. எனக்கு ஒரு மொழம், டீச்சர் வீட்டு மாதா படத்துக்கு ஒரு மொழம். அவகிட்டச் சொல்லிவிட்டேன். “டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு. மனுசங்க குடியிருக்க வேண்டாமா?”

“அத அப்படியேவா சொல்லட்டும் அக்கா?”

“அப்படியே சொல்லு.”

திரும்பி வந்து, “செரின்னாங்க”ன்னா. வேறெதுவும் சொல்லலையாம்.

ஜூன் 21, வெள்ளி

கொறைச்சுட்டாங்க. கொறைச்சுட்டாங்கன்னா, துளிச் சத்தம் இல்லை. நிம்மதியா, முழுசா, ஒரே ஒரு தடவை கேட்டுப் பாத்தேன்.

ஜூன் 24, திங்கள்

சீரியல் சப்புனு போகுது. டைரக்டரை மாத்திட்டாங்களோ என்னவோ.

மேகலா திருட்டு நகையைக் கொண்டுபோய் யாமினி பெட்டியில வெக்கறா. போன பாகமா இருந்தா இந்த எடத்துல எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். இன்னிக்கு விளம்பரம் போட்டதும் நான் பாட்டுக்குச் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். இவர் கேக்கறார், “அங்க என்ன தெரியுது?” ஒண்ணும் தெரியலை. அதான் பிரச்சனை. ‘அச்சச்சோ’கூட வரலை. வீட்டுல இருக்காங்களா இல்லையான்னு பாக்கலாம்னு வாசலுக்குப் போனேன், டிவி வெளிச்சம் ஜன்னல்ல மாறி மாறி விழுது. பாத்துட்டுத்தான் இருக்காங்க. அப்பறம் என்ன ஊமைக்கோட்டான் மாதிரி.

ஜூன் 26, புதன்

இன்னிக்கு நெறைய எழுதோணும். பேனா வேற சதி பண்ணுது, இவரோடதை எடுத்துக்கிட்டேன்.

ஏழரைக்குப் போட்டதும் ஆதித்யா மாடிப்படியில எறங்கி வர்றான். மொதல்ல காலைக் காட்டறான், அப்பறம் கையை, வாட்சை. எனக்கு அப்பவே திக்குனு ஆச்சு. காலைக் காட்டினாலே வெனைதான். மூஞ்சியைக் காட்டினா வேற எவனோ ஒருத்தன்! கீழ எழுத்து ஓடுது, ‘இனி இவருக்குப் பதில் இவர்.’ அட கெரகமே! மூணே வாரத்துல ஹீரோவை மாத்திப்போட்டாங்க. புதுசா வந்தவனுக்கு மீசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யாமினி அவனைப் பாத்து ஒண்ணுமே நடக்காத மாதிரி வெக்கப்படறா.

“என்னங்க, ஆதித்யாவை மாத்திட்டாங்க!”ன்னேன்.

“யாரு அது?”ன்னார் இவர்.

எனக்கு அழுகையே வந்துருச்சு. ஹீரோ போனதுக்கா, இதைச் சொல்ல ஒரு ஆளு இல்லாமப் போனதுக்கான்னு கேட்டா, ஹீரோ போனதுக்குத்தான்னு வெச்சுக்கோங்க. அடுக்களைக்குப் போனேன். மார்ச்சுல டீச்சர் கேக்கு குடுத்துவிட்ட எவர்சில்வர் டப்பா அப்படியே கெடந்துச்சு. அடுத்தவங்க டப்பா நமக்கு எதுக்கு, குடுத்துட்டு வந்துரலாம்னு எடுத்துக்கிட்டேன். வெறும் டப்பாவாக் குடுக்கக் கூடாதுன்னு அதுல நாலு அதிரசம் வெச்சேன்.

பெல் அடிச்சேன், வரலை. மறுபடி அடிச்சேன். கம்பிக்கதவு சும்மாத்தான் சாத்தியிருந்துச்சு. தள்ளிட்டு உள்ள போனா, டீச்சர் எனக்கு முதுகைக் காட்டி டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க. டிவில புது ஆதித்யா வாயை அசைக்கறான், சத்தம் இல்லை. சுத்தமா இல்லை. ஆனா பேச்சு மட்டும் கேக்குது. பேசறது டீச்சர்!

“நான் உன்னை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை யாமினி”ன்னு தடிச்ச கொரல்ல சொல்றாங்க. யாமினி வாயைத் தொறந்ததும் கொரலை மெலிசாக்கி, “அப்ப அந்தப் பெட்டியைத் தொறந்து பாருங்க சார்”ங்கறாங்க. மேகலாவுக்கு மூக்கால ஒரு கொரல். எல்லா வசனமும் மனப்பாடம். வாய் அசையறதுக்கும் இவங்க பேசறதுக்கும் அப்படியே பொருந்துது. நான் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். சிரிக்கறதா அழறதான்னு தெரியலை.

விளம்பரம் வந்ததும் தண்ணி குடிக்கத் திரும்பினவங்க என்னைப் பாத்து வெலவெலத்துப் போயிட்டாங்க.

“எப்ப வந்தே?”

“அப்பவே வந்துட்டேன். பெல் அடிச்சேனே.”

“என்ன?”

“பெல் அடிச்சேன்னு சொன்னேன்.”

அவங்க என் வாயையே பாத்தாங்க. வாயைத்தான், கண்ணை இல்லை. எனக்கு அந்த நிமிசம்தான் ஒவ்வொண்ணா உள்ள எறங்குச்சு. குக்கர். சுவத்துல கரண்டி. அள்ளி வெச்ச சவுண்டு. கடவுளே, நான் எவ்வளவு பெரிய மாங்கா மடச்சி.

கிட்டப் போய் உக்காந்து, சத்தமாக் கேட்டேன். “டீச்சர், காது கேக்கலையா?”

“கேக்குது கேக்குது”ன்னாங்க. அப்பறம், “கொஞ்சம் கொறைவாக் கேக்குது”ன்னாங்க. அப்பறம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. “போன வருசத்துல இருந்து.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல!”

“உங்க வீட்டுல பதினாலுக்கு மேல வைக்க முடியாது, அவருக்குத் தலைவலி. பாதி வசனம் எனக்கு வராது. ஒண்ணு ரெண்டு தடவை உன்கிட்டக் கேட்டேன், என்ன சொன்னான்னு. நீ திருப்பிச் சொன்னே. நீ சொல்லிட்டு இருந்தப்ப அடுத்த வசனம் போயிருச்சு. உனக்கு அந்த சீன் போச்சு வசந்தா. நீ எவ்வளவு ஆசையாப் பாப்பே. அதான், காலையில இயர்ஃபோன் மாட்டிக் கேட்டுட்டேன்னா சாயங்காலம் உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு.”

“சண்டை போட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே!”

“என்னன்னு சொல்றது? கடைசி பெஞ்சுல பசங்க குசுகுசுன்னா, போர்டுல எழுதிக்கிட்டே பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். முதுகுல காதுன்னு எனக்குப் பட்டப்பேரே உண்டு. எனக்குக் காது செவிடுன்னு என் வாயால எப்படிச் சொல்றது?”

“அப்ப இந்த மாசம் அவ்வளவு சத்தமா வெச்சது...”

“அப்படி வெச்சா நல்லாக் கேட்டுச்சு. காலையில பாக்கறதையே நிறுத்திட்டேன். சாயங்காலம் புதுசாப் பாத்தேன். நம்ம சட்டப்படி பாத்தா தப்புதான், தனியாத்தானே பாத்தேன். அப்பறம் நீ மாராத்தாகிட்டச் சொல்லிவிட்டே, மறுபடி காலையில இயர்ஃபோன்தான்.”

என்னைக் கொறை சொல்ற மாதிரி சொல்லலை. பால் வெலை ஏறிடுச்சுங்கற மாதிரி சொன்னாங்க. எனக்குத்தான் தாங்கலை. “நான் ஒரு கூறுகெட்டவ டீச்சர்”னு சொல்லி அழுதே போட்டேன். நான் அழுததும் அவங்களும் அழுதாங்க. டிவில சோப்பு விளம்பரம் ஓடிட்டு இருந்துச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கைச் சிந்திட்டு, “ஆதித்யாவைப் பாத்தியா?”ன்னாங்க.

“அதைச் சொல்லத்தானே ஓடி வந்தேன்! மீசைகூட இல்லாம!”

“காலையில பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்லை. யார்கிட்டச் சொல்றது?”ன்னாங்க. அப்படியே ரெண்டு பேரும் அந்தப் புதுப் பையனைக் கிழி கிழின்னு கிழிச்சோம். நான் கத்திப் பேசினேன், ஊருக்கே கேட்டிருக்கும். கேக்கட்டும். அதிரசம் நாலும் தீந்துபோச்சு.

ஜூன் 27, வியாழன்

காது டாக்டர்கிட்டப் போலாம்னு டீச்சரைக் கூப்பிட்டேன். வர மாட்டாங்களாம். மிஷின் மாட்டினா எல்லாரும் பாப்பாங்களாம். காலையில இயர்ஃபோன்ல கேட்டுட்டு சாயங்காலம் உன்கூட வந்து உக்காந்துக்கறேன், ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்ல மாட்டேன், மூஞ்சியில காட்டவே மாட்டேன்னு கெஞ்சறாங்க.

உங்க மூஞ்சி காட்டாதுங்கறதை மார்ச்சுலயே பாத்தாச்சு டீச்சர்னேன். இன்னொண்ணும் சொல்லிப்போட்டேன். “நீங்க டாக்டரைப் பாக்கற வரைக்கும் நான் ‘கூடத்து விளக்கு’ பாக்க மாட்டேன்.”

“பைத்தியமா உனக்கு? நாளைக்கு...” அப்படீன்னு ஆரம்பிச்சு, வாயைப் பொத்திக்கிட்டாங்க.

ஜூன் 28, வெள்ளி

பாக்கலை. ஏழரைக்கு முருங்கைக்கீரை ஆஞ்சேன்.

ஜூன் 29, சனி

பாக்கலை. மாராத்தா பூவைக் குடுத்துட்டு, “அக்கா, நேத்து மேகலா என்ன பண்ணுனா தெரியுமா”ன்னு ஆரம்பிச்சா. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உள்ள ஓடினேன். சாயங்காலம் இவரே டிவியைப் போட்டு, “உன்ற நாடகம் வந்துருச்சு, வா”ன்னு கூப்பிட்டார். பொண்டாட்டிக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லையோன்னு பயந்துட்டார் போல. விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ரிமோட்டையே பாத்துட்டு, “அந்தம்மாவுக்குக் கேக்காதுன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா நான் முப்பதுல வெச்சிருப்பனே”ன்னார். என்ற வூட்டுக்காரர் மோசமில்லை.

ஜூலை 1, திங்கள்

காலையில டீச்சர் வந்து நின்னாங்க. காதி சீலை, கையில பை, கொடை.

“கிளம்பு. நீ மூணு எபிசோடு விட்டுட்டே. என்னால பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலை.”

பஸ்ஸுல கோயமுத்தூர் போனோம். ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வெச்சு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்கச் சொன்னாங்க. டீச்சர் பரீட்சை எழுதற புள்ளையாட்டம் நிமிந்து உக்காந்திருந்தாங்க. ஃபுல் மார்க் வாங்கியே தீரணும்னு, சத்தம் வந்தாலும் வராட்டியும் அமுக்கறாங்க. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு, அமுக்காதீங்கன்னு தலையாட்டினேன். டெஸ்ட் எடுத்த பொண்ணு எனக்கு வெளிய பெஞ்சைக் காட்டிருச்சு.

மிஷின் ரெண்டு வாரத்துல வந்துருமாம். டாக்டரைப் பாத்தாச்சு, நான் என் சபதத்தை முடிச்சுக்கிட்டேன். திரும்பி வர்ற பஸ்ஸுல டீச்சரோட ஃபோன்ல, ஆளுக்கு ஒரு பக்கம் இயர்ஃபோன் மாட்டி, விட்டுப்போன எபிசோடு எல்லாம் பாத்தோம். பொள்ளாச்சி தாண்டினதே தெரியலை. புது ஆதித்யா அழறப்ப பரவாயில்லை.

ஜூலை 7, ஞாயிறு

‘அடுப்படி அரசர்கள்’ல ஈரோட்டுப் பொண்ணை வெளிய அனுப்பிட்டாங்க. டீச்சரும் நானும் கொதிச்சுப்போய் அந்த நடுவரைத் திட்டினோம். இவர் பாவம், காதுல பஞ்சு வெச்சுட்டு பேப்பர் படிக்கறார். டிவி முப்பத்தஞ்சுல.

ஜூலை 15, திங்கள்

மிஷின் வந்துருச்சு. காதுக்குப் பின்னால, முடிக்குள்ள மறைஞ்சுருது. மாட்டிட்டு எங்க வீட்டுக்குள்ள வந்ததும் டீச்சர் நின்னுட்டாங்க.

“என்ன டீச்சர்?”

“உன் மெட்டி சத்தம் கேக்குது.”

நான் வேணும்னே அடுக்களைக்கும் கூடத்துக்கும் நாலு தடவை நடந்தேன்.

ஏழரை. நான் வழக்கம்போல முப்பத்தஞ்சுல வெச்சேன். டீச்சர் காதைப் பொத்திக்கிட்டு, “எதுக்கு இவ்வளவு சத்தம்? மனுசங்க குடியிருக்க வேண்டாமா?”ன்னாங்க. மாராத்தா ஒரு வார்த்தை விடாமச் சொல்லியிருக்கா பாருங்க! இவர் பஞ்சை எடுத்து வீசிட்டு விழுந்து விழுந்து சிரிக்கறார்.

பதினாலுல பாத்தோம். யாமினியை யாரோ குடோனுக்குள்ள தள்ளி வெளிய தாப்பாள் போட்டாங்க. கையை மட்டும் காட்டினான், வளையல் போட்ட கை. அப்படியே ‘தொடரும்’. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ‘அய்யோ’ன்னு கத்தினோம். முன்னயும் இல்லை, பின்னயும் இல்லை.

நான் கேட்டேன், “நாளைக்கு என்ன ஆகும் டீச்சர்?”

கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. “மேகலாதான். கணக்குப்படி வேற யாரும் வர முடியாது.”

“எனக்கு அபிராமி மேல சந்தேகம். மொத நாள்ல இருந்தே கண்ணு செரியில்லை.”

“சும்மா இரு. அவ தெய்வம் மாதிரி.”

ஜூலை 16, செவ்வாய்

கதவு தொறக்குது, வளையல் கை வருது, கையோட மேல போறான், போறான், மூஞ்சி... அபிராமி! அதே மூக்குத்தி! “ஒரு சமையல்காரி இந்த வீட்டு மருமகளா?”ன்னு சிரிக்கறா. நான் சோபாவை விட்டே எந்திரிச்சுட்டேன்.

“பாத்தீங்களா! நான் சொன்னனா இல்லையா! ஜூன் மூணாந்தேதி எழுதியே வெச்சிருக்கேன், டைரியைக் கொண்டு வரட்டுமா?”

டீச்சர் வாயைப் பொளந்துட்டு டிவியைப் பாத்துட்டு இருக்காங்க. காப்பி டம்ளர் பாதி வழியில நிக்குது. இந்த மூஞ்சியை நான் பாத்து ஒரு வருசம் ஆச்சு.

“நெசமாலுமே உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?”

“சத்தியமாத் தெரியாது வசந்தா”ன்னாங்க. “தப்பாச் சொல்லிட்டேன்.” சொல்லிட்டுச் சின்னப் புள்ளையாட்டம் சிரிக்கறாங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும்.